தேயிலைச் சாற்றில் கார்பன் மின்முனை: வாசகர் கேள்வி – பதில்

உணவுப் பொருளில் இருக்கும் சேர்மங்களைக் கார்பன் மின்முனை கொண்டு கண்டறியும் முறையைச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கரைசலுக்குள் மூன்று மின்முனைகள் நிற்கும். ஒன்று, வேலை செய்யும் கார்பன் முனை. இரண்டாவது, மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான சில்வர்–சில்வர் குளோரைடு முனை. மூன்றாவது, சுற்றை முடிப்பதற்கான பிளாட்டினக் கம்பி. பொட்டென்ஷியோஸ்டாட் என்ற கருவி மின்னழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும். ஒரு சேர்மம் எலெக்ட்ரானை விடுகிற இடத்தில் மின்னோட்டம் மேடுபோல எழும். எந்த வோல்ட்டில் எழுகிறது என்பதை வைத்துப் பொருளையும், எவ்வளவு உயரம் என்பதை வைத்து அளவையும் சொல்கிறோம். கார்பன் பரப்பின்மேல் நானோகுழாய் (மிக நுண்ணிய கார்பன் குழாய்), பாலிமர், உலோகத் துகள் என்று எதையாவது ஏற்றினால் அது மாற்றியமைத்த மின்முனை. நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி (முதுகலை வேதியியல் மாணவி, குன்னூர்): 3 மி.மீ. கிளாஸி கார்பன் மின்முனையை நன்றாகத் தேய்த்த பிறகும், சோதனைக்கான ஃபெர்ரிசயனைடு கரைசலில் மின்னழுத்தத்தை ஏற்றும்போது வரும் மேட்டுக்கும் இறக்கும்போது வரும் மேட்டுக்கும் இடையே 180 மில்லிவோல்ட் இடைவெளி வருகிறது. அதே முனையில் கார்பன் நானோகுழாய் பூசினால் இடைவெளி 75 ஆகிவிடுகிறது, மின்னோட்டமும் பல மடங்கு ஏறுகிறது. நானோகுழாய் வினையூக்கியாக வேலை செய்கிறது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். 180 மில்லிவோல்ட் என்றால் பெரும்பாலும் உங்கள் வெறும் முனை சுத்தமாக இல்லை. அழுக்கான முனையோடு ஒப்பிட்டால் எதைப் பூசினாலும் நன்றாகத்தான் தெரியும். இந்தத் துறையில் அச்சாகும் கட்டுரைகளிலும் இந்தத் தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. அதனால்தான் இதை விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் தேய்ப்பு. 1.0, 0.3, 0.05 மைக்ரான் அலுமினா, இந்த வரிசையில். மூன்றுக்கும் தனித்தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். 1.0 மைக்ரான் தூள் ஒரு துளி கடைசித் துணியில் ஒட்டிக்கொண்டாலும் அதுவரை செய்த வேலை வீண். தூளைக் காய்ச்சிவடித்த நீரில் நீர்த்த மோர் பதத்துக்குக் கரைத்து, முனையைத் துணிக்குச் செங்குத்தாகப் பிடித்து, எட்டு வடிவத்தில் 2 நிமிடம் ஓட்டுங்கள். கை சாய்ந்தால் கார்பன் ஒரு பக்கம் மழுங்கி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறைக்கும் அதற்கும் இடையே இடுக்கு விழும். அந்த இடுக்கில் கரைசல் புகுந்துகொண்டு பின்னணி மின்னோட்டத்தை ஏற்றிவிடும். ஒவ்வொரு படி முடிந்ததும் நன்றாகக் கழுவுங்கள். கடைசியில் எத்தனாலில் 2 நிமிடம், நீரில் 2 நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வைத்தால் போதும். அரை மணி நேரம் விட்டுவைப்பது முனையின் ஒட்டை நாமே பிரிப்பதற்குச் சமம். எடுத்து விளக்கடியில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி போல, கோடோ வெண்படலமோ இல்லாமல் இருக்க வேண்டும். வெண்படலம் தெரிந்தால் அலுமினா இன்னும் ஒட்டியிருக்கிறது.

பிறகு சோதனை. 100 மி.லி. நீரில் 0.746 கிராம் பொட்டாசியம் குளோரைடும் 32.9 மி.கி. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் கரைத்தால் 0.1 மோலார் உப்பில் 1 மில்லிமோலார் ஃபெர்ரிசயனைடு கிடைக்கும். அன்றன்று தயாரியுங்கள், வெளிச்சத்தில் வைத்தால் சிதையும். நொடிக்கு 100 மில்லிவோல்ட் வேகத்தில் +0.6 முதல் −0.1 வோல்ட் வரை போய்த் திரும்புங்கள். கணக்குப்படி 25 பாகை செல்சியஸில் இடைவெளி சுமார் 59 மில்லிவோல்ட் வரவேண்டும். 70, 80 வந்தால் நல்ல முனை. 100-ஐத் தாண்டினால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான். உயரத்தையும் பாருங்கள். மேட்டின் உயரத்தைக் கணக்கிடும் ரேண்டில்ஸ்–செவ்சிக் சமன்பாட்டில் 0.0707 சதுர செ.மீ. பரப்பையும் மேற்சொன்ன அளவுகளையும் போட்டால் மேடு 16, 17 மைக்ரோ ஆம்பியர் வரவேண்டும். 10 வந்தால் பரப்பில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பகுதி அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு தேய்த்தும் இடைவெளி குறையவில்லையா? குற்றம் முனையில் இல்லாமல் இருக்கலாம். ஃபெர்ரிசயனைடு செறிவை இரட்டிப்பாக்கிப் பாருங்கள். இடைவெளியும் கூடினால் அது கரைசலின் மின்தடை. உப்பு போட மறந்திருப்பீர்கள், ஒப்பீட்டு முனை அடைத்திருக்கும், அல்லது அதை வெகு தூரத்தில் வைத்திருப்பீர்கள்.

வெறும் முனை சரியானால்தான் நானோகுழாய்ப் பேச்சு. பூச்சு என்பது ஒரு பஞ்சு. குழாய்களின் இடுக்கில் கரைசல் மெல்லிய அடுக்காகச் சிக்கிக்கொள்ளும். அப்படிச் சிக்கிய திரவத்தில் பொருள் பரவி வர வேண்டிய தூரம் மிகக் குறைவு. அதனால் வினை வேகமாகாவிட்டாலும் மேடுகள் நெருங்கி நிற்கும். இதை வினையூக்கம் என்று எழுதுவது பிழை. பிரித்தறிய எளிய வழி: நொடிக்கு 10 முதல் 500 மில்லிவோல்ட் வரை வெவ்வேறு வேகங்களில் ஓட்டி, வேகத்தின் மடக்கைக்கு எதிராக மின்னோட்டத்தின் மடக்கையை வரையுங்கள். சாய்வு 0.5-க்கு அருகில் இருந்தால் பொருள் வெளிக்கரைசலிலிருந்து பரவி வருகிறது. 1-ஐ நோக்கிப் போனால் இடுக்கில் சிக்கியதோ பரப்பில் ஒட்டியதோதான் வினைபுரிகிறது.

இன்னொன்று, விற்கும் நானோகுழாய்களில் அவற்றை வளர்க்கப் பயன்பட்ட இரும்பு, நிக்கல், கோபால்ட் மிச்சம் இருக்கும். அமிலத்தில் கழுவினாலும் முழுதாகப் போகாது. சில சேர்மங்களுக்கு வினையூக்கி அந்த உலோகம்தான், கார்பன் இல்லை. ஆகவே அதே எடைக்குச் சாதாரண கிராஃபைட் தூளைப் பூசியும் ஒரு முறை அளந்துவிடுங்கள். கிராஃபைட் தூளும் ஏறக்குறைய அதே பலனைக் கொடுத்தால், ஆய்வேட்டில் அதை நேர்மையாக எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.

பூசும்போது 1 மி.லி. டைமெத்தில் ஃபார்மமைடில் 1 மி.கி. குழாயை 30 நிமிடம் கலக்கி 5 மைக்ரோ லிட்டர் சொட்டுவது வழக்கம். குன்னூர் மூடுபனியில் அது தானாகக் காய மணிக்கணக்காகும். மெதுவாகக் காயும் துளி, காபி சிந்திக் காய்ந்த இடம்போல ஓரத்தில் கறுத்து நடுவில் வெளுத்துவிடும். சமதளத்தில் நிறுத்தி, விளக்குச் சூட்டில் சுமார் 50 பாகையில், இரண்டரை மைக்ரோ லிட்டராக இரண்டு தடவை பூசுங்கள். அந்தக் கரைப்பானின் ஆவி நல்லதல்ல. புகைபோக்கிக்கு அடியில் செய்யுங்கள், கையுறை கட்டாயம்.

கேள்வி (ஆய்வக உதவியாளர், உதகமண்டலம்): டிசம்பர், ஜனவரியில் காலை எடுக்கும் அளவும் மதியம் எடுக்கும் அளவும் ஒத்துப்போவதில்லை. ஒப்பீட்டு முனையும் அடிக்கடி இரைச்சல் கொடுக்கிறது. முனை கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, குளிர்தான். கருவியோடு வரும் குறிப்புகளெல்லாம் 25 பாகையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. காலையில் உங்கள் அறை 10 பாகையில் இருந்தால் கரைசலில் மூலக்கூறுகள் நகரும் வேகம் குறையும். ஒரு பாகைக்கு மின்னோட்டம் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை இறங்கும். அளவு தெரிந்த கரைசல்களைக் கொண்டு மதியம் 20 பாகையில் எடுத்த அளவுத்திருத்தக் கோட்டை வைத்துக் காலை மாதிரியைக் கணக்கிட்டால் 10 முதல் 15 சதவீதம் குறைத்துச் சொல்வீர்கள். கலனை 25 பாகைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் அளவுத்திருத்தமும் மாதிரியும் ஒரே மணிக்குள், ஒரே வெப்பநிலையில்.

இரைச்சலுக்குக் காரணம் ஒப்பீட்டு முனைக்குள் இருக்கும் நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு. 100 கிராம் நீரில் 20 பாகையில் சுமார் 34 கிராம் கரையும், 10 பாகையில் 31 கிராம்தான் நிற்கும். மிச்சம் இரவோடு இரவாகப் படிகமாகி, முனையின் அடியிலுள்ள நுண்துளை அடைப்பானில் இறங்கிவிடும். காலையில் கையில் எடுத்துப் பார்த்தால் அடிப்பக்கம் உப்பு பூத்தாற்போல வெள்ளையாகத் தெரியும். ஊசியால் குத்தாதீர்கள். 40 பாகை வெந்நீரில் அரை மணி நேரம் நிறுத்தினால் கரைந்துவிடும். பிறகு உள்ளே 3 மோலார் கரைசலுக்கு மாறுங்கள், 100 மி.லி.க்கு 22.4 கிராம். மலை ஊருக்கு அதுதான் சரி. மாறியபின் ஒரு கணக்கை மறக்க வேண்டாம்: நிறைவுற்ற கரைசலில் அந்த முனை 0.197 வோல்ட், 3 மோலாரில் சுமார் 0.210. பழைய பதிவுகளோடு ஒப்பிடும்போது மேடுகள் எல்லாம் 13 மில்லிவோல்ட் நகர்ந்திருக்கும்.

தேயிலை மாதிரி எடுப்பவர்களுக்கு ஊட்டியில் இன்னும் இரண்டு சிக்கல். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். 'கொதிநீரில் 6 நிமிடம்' என்ற செய்முறையை அப்படியே செய்தாலும் சமவெளி ஆய்வகத்தைவிடச் சாறு குறைவாக இறங்கும். எல்லா மாதிரிக்கும் 90 பாகை என்று வைத்துக்கொண்டு, அதையே அறிக்கையிலும் எழுதுங்கள். அடுத்தது, கறுப்புத் தேநீர் ஆறினால் கலங்கும். தேயிலையின் துவர்ப்புப் பொருளான பாலிஃபீனாலும் கஃபைனும் ஒன்றோடொன்று பிணைந்து திரண்டு நிற்பதுதான் அந்தக் கலங்கல். குளிரில் இது சீக்கிரம் நடக்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து அளந்தால் பாலிஃபீனால் குறைவாகத்தான் காட்டும். வடிகட்டிய சூட்டோடு 100 மைக்ரோ லிட்டரை எடுத்து 10 மி.லி. பஃபரில் (பி.எச். மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்) விட்டுவிடுங்கள். நீர்த்தபின் கலங்காது.

கேள்வி (உணவு அறிவியல் மாணவர், உதகமண்டலம்): ஒரே முனையில் பாலிஃபீனாலையும் கஃபைனையும் அளக்கலாமா?

பதில்: பாலிஃபீனாலுக்கு பி.எச். 3.6 அசிட்டேட் பஃபரில் +0.4 வோல்ட் அருகில் நல்ல மேடு வரும். கஃபைன் அப்படியில்லை. நீர்த்த கந்தக அமிலத்தில் +1.4 வோல்ட் வரை ஏற வேண்டும், அதாவது ஆக்சிஜன் கிளம்பும் விளிம்புக்கு. நஃபியான் என்ற பாலிமர்ப் பூச்சு அங்கே உதவும். ஆனால் அவ்வளவு தூரம் ஏறும்போது வழியில் ஆக்சிஜனேற்றமாகும் பாலிஃபீனால் பாலிமராகி முனையை மூடிவிடும். இரண்டாவது ஓட்டத்திலேயே மேடு சரிவதைப் பார்க்கலாம். கஃபைனுக்குத் தனியாக ஒரு பங்கு எடுத்து, மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்துச் சூடாக்கி வடிகட்டி, பாலிஃபீனாலை நீக்கிவிட்டு அளவிடுங்கள். பாலிஃபீனாலுக்கு எப்போதும் புதிதாகத் தேய்த்த முனையின் முதல் ஓட்டத்தை மட்டுமே கணக்கில் எடுக்கவும்.

கேள்வி (சிறு தேயிலைத் தொழிற்சாலை நடத்துபவர், கோத்தகிரி): டஸ்ட் தூளில் சாயம் கலக்கிறார்கள் என்று பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் விலையும் விழுகிறது. வெளியிலிருந்து வாங்கிக் கலக்கும் தூளை நாங்களே சோதித்துக்கொள்ள இந்த மின்முனை போதுமா?

பதில்: சல்லடையாகப் போதும், சான்றிதழாகப் போதாது. தேயிலையில் சேர்த்த நிறம் எதுவும் இருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஆகவே உங்களுக்குத் தேவை 'எவ்வளவு' என்பதைவிட 'இருக்கிறதா' என்ற பதில். முதலில் செலவில்லாத சோதனையைச் செய்யுங்கள். வடிதாளில் தூளைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சற்று நேரத்தில் தூளைத் தட்டிவிட்டுக் குழாய் நீரில் தாளைக் கழுவுங்கள். சாயம் இருந்தால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். இதில் சந்தேகம் வரும் தூளுக்குத்தான் மின்முனை.

சாற்றை நேராக முனையில் வைத்தால் தேயிலையின் சொந்தப் பாலிஃபீனால் மேடுகளுக்குள் சாயத்தின் மேடு புதைந்துவிடும். உணவுச் சாயங்களான சன்செட் யெல்லோ +0.7, டார்ட்ராசின் +0.95 வோல்ட் அளவில் வரும் என்று புத்தகம் சொன்னாலும் தேநீரில் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முதலில் சாயத்தைப் பிரியுங்கள். அதற்குப் பழைய கம்பளி நூல் முறைக்கு இணை இல்லை. 2 கிராம் தூளை 100 மி.லி. சுடுநீரில் இறக்கி வடிகட்டி, அசிட்டிக் அமிலம் சில துளி விட்டு, 20 செ.மீ. வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டு 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். அமிலச் சாயங்கள் நூலில் ஏறும். நூலைக் குழாய் நீரில் அலசி, நீர்த்த அம்மோனியாவில் சூடாக்கினால் சாயம் இறங்கும். தேயிலையின் பழுப்பும் முதல் நூலில் கொஞ்சம் ஏறியிருக்கும். அம்மோனியா வாசம் போகக் கொதிக்கவைத்து, மறுபடி அமிலமாக்கி, புது நூலில் ஏற்றி இறக்குங்கள். இரண்டாவது முறை பழுப்பு பெரும்பாலும் பின்தங்கிவிடும், சாயம் வரும்.

நூல் விஷயத்தில் கவனம். ஊட்டிக் கடைத்தெருவில் கம்பளி என்று விற்கும் நூல் பலவும் அக்ரிலிக். அதில் இந்தச் சாயம் ஏறாது, உங்கள் சோதனை எல்லாத் தூளையும் சுத்தம் என்றே சொல்லும். ஓர் இழையைக் கொளுத்திப் பாருங்கள். முடி பொசுங்கும் வாசம் வந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பல் என்றால் கம்பளி. உருகிக் கெட்டி மணியானால் வேண்டாம். சோப்பு நீரில் கொதிக்கவைத்து எண்ணெய் போக்கிய பிறகே பயன்படுத்துங்கள்.

இறக்கிய சாற்றை வற்றவைத்து பி.எச். 5 பஃபரில் 10 மி.லி. ஆக்கி, மின்னழுத்தத்தைச் சிறு துடிப்புகளாகச் செலுத்தும் டிஃபரென்ஷியல் பல்ஸ் முறையில் அளவிடுங்கள். துடிப்பு 50 மில்லிவோல்ட், படி 5 மில்லிவோல்ட். இந்த இடத்தில் எங்கள் பரிந்துரை, +0.7-க்கு மேல் ஏறுவதைவிட எதிர்த் திசையில் இறங்குவது. டார்ட்ராசின், சன்செட் யெல்லோ, கார்மோயிசின் எல்லாவற்றிலும் அசோ பிணைப்பு (இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு) உண்டு. அது எதிர்மின் பக்கம் ஒடுக்கமடையும், அதாவது எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். அங்கே பாலிஃபீனாலின் தொந்தரவு குறைவு. ஆனால் கரைந்த ஆக்சிஜனும் அதே பகுதியில் மேடு கொடுக்கும். நைட்ரஜனை 10 நிமிடம் கரைசலுக்குள் விட்டு, அளக்கும்போது மேலே மட்டும் ஓடவிடுங்கள்.

ஒவ்வொரு நாளும் மூன்று கலன் வையுங்கள்: உங்கள் தோட்டத்துச் சுத்தமான தூள், அதே தூளில் 50 மைக்ரோகிராம் டார்ட்ராசின் சேர்த்தது, சந்தேகத் தூள். மூன்றும் நூலிலிருந்து தொடங்கி ஒரே பாதையில் வரவேண்டும். சேர்த்த சாயத்தில் 80 சதவீதமாவது திரும்பக் கிடைக்காவிட்டால் அன்றைய முடிவு எதையும் நம்பாதீர்கள். சந்தேகத் தூளில் மேடு தெரிந்தால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். சட்டத்தின் முன் அவர்கள் தரும் அறிக்கைதான் செல்லும்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, கொடைக்கானல்): மேல்நிலை மாணவர்களுக்குக் குறைந்த செலவில் செய்துகாட்ட வழி உண்டா?

பதில்: இருக்கிறது. மெக்கானிக்கல் பென்சிலுக்குப் போடும் 0.5 மி.மீ. எச்.பி. குச்சிதான் மின்முனை. பென்சிலின் உலோக மூக்கிலேயே கவ்வியை மாட்டலாம். குச்சியில் 10 மி.மீ. மட்டும் கரைசலைத் தொடும்படி மேலே நகப்பூச்சு தடவி உலரவிடுங்கள். இல்லாவிட்டால் கரைசல் குச்சியோடு மேலேறிப் பரப்பு மாறிக்கொண்டே போகும். பரப்பு 0.159 சதுர செ.மீ. ஒப்பீட்டு முனைக்குச் சுத்தமான வெள்ளிக் கம்பியை உப்புத்தாளில் தேய்த்து, சோடியம் ஹைப்போகுளோரைட் ப்ளீச்சில் அரை மணி நேரம் வைத்தால் சாம்பல் கலந்த ஊதாப் படலம் பிடிக்கும். அதுதான் சில்வர் குளோரைடு. அளக்கும் கரைசலில் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடும் இருக்கட்டும். நகைக்கடைக் கம்பியில் செம்பு கலந்திருக்கும், தனி வெள்ளி என்று கேட்டு வாங்குங்கள். மூன்றாவது முனைக்கு நான்கைந்து குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் சரி. கருவி விலைதான் பெரிது. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ல் வரைபடத்தோடு பொதுவில் வெளியிட்ட சீப்ஸ்டாட் என்ற மலிவான பொட்டென்ஷியோஸ்டாட் போன்ற கருவியை மின்னணுவியல் தெரிந்த ஒருவர் கட்டிவிடலாம்.

அளப்பதற்குப் பேஷன் ஃப்ரூட் சாறும் வைட்டமின் சி-யும் நல்ல இணை. வடிகட்டிய சாறு 1 மி.லி., பி.எச். 7 பாஸ்பேட் பஃபர் 9 மி.லி. ஒரு முறை அளந்துவிட்டு, 10 மில்லிமோலார் அஸ்கார்பிக் அமிலத்தை (வைட்டமின் சி-தான், 10 மி.லி.யில் 17.6 மி.கி., அப்போதே கரைத்தது) 100 மைக்ரோ லிட்டர் வீதம் மூன்று தடவை சேர்த்து ஒவ்வொரு முறையும் அளவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுக் குச்சி. சேர்த்த அமிலத்தின் செறிவுக்கு எதிராக உயரத்தை வரைந்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது அடி அச்சை வெட்டும் இடம், சாற்றிலிருந்து கலனுக்கு வந்த வைட்டமின் சி-யின் செறிவு. பத்தால் பெருக்கினால் சாற்றில் உள்ளது. சாற்றின் சர்க்கரையும் கூழும் முனையை மந்தமாக்கினாலும், அந்த மந்தம் சேர்த்த அமிலத்துக்கும் சேர்ந்தே விழுவதால் கணக்கு பிழைக்காது. அயோடின் தரம்பார்த்தலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மாணவர்கள் கேட்கும் கேள்விகள் அங்கேதான் தொடங்கும்.

கேள்வி (கேரட் விவசாயி, கேத்தி): மேட்டுப்பாளையம் மண்டிக்கு ஏற்றும் முன் கேரட்டில் மருந்து மிச்சம் இருக்கிறதா என்று இந்தக் கருவியில் பார்த்துக்கொள்ள முடியுமா?

பதில்: 'மருந்து' என்று பொதுவாகக் கேட்டால் முடியாது. ஒரு மின்முனை ஒரு சில சேர்மங்களைத்தான் பார்க்கும். கார்பென்டாசிம் பூஞ்சணக்கொல்லி ஆக்சிஜனேற்றமாகும், நானோகுழாய் பூசிய முனையில் நன்றாகத் தெரியும். இமிடாகுளோப்ரிட் பூச்சிக்கொல்லியில் நைட்ரோ தொகுதி உள்ளது, அது எதிர்த் திசையில் ஒடுக்கமடையும். பாஸ்பரஸ் வகை, கார்பமேட் வகை மருந்துகளுக்கு அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதி ஏற்றிய முனை உண்டு. நொதி எவ்வளவு முடங்கியது என்பதைக் காட்டுமே தவிர, எந்த மருந்து என்று சொல்லாது. நொதியும் குளிர்பெட்டியில் வைத்தாலும் நாளாக நாளாக வலுவிழக்கும். பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி அடித்திருந்தால் இவை எதுவும் அதைக் காட்டாது.

மாதிரித் தயாரிப்பும் வயலோரத்தில் ஆகிற வேலையில்லை. அரைத்த கேரட் 10 கிராம், அசிட்டோநைட்ரைல் 10 மி.லி., நீரற்ற மெக்னீசியம் சல்பேட் 4 கிராம், உப்பு 1 கிராம் சேர்த்துக் குலுக்கி, மையவிலக்கில் சுழற்றி, மேல் திரவத்தை ஆவியாக்கிப் பஃபரில் கரைத்த பிறகே முனையில் வைக்க முடியும். கேரட்டைக் கழுவும் இயந்திரத்திலிருந்து எடுத்த தண்ணீரை நேராக அளக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதில் மேடு வராவிட்டால் கேரட்டுக்குள் மருந்து இல்லை என்று பொருளாகாது.

உங்கள் கிராமத்தில் நான்கைந்து பேர் ஒரே மருந்தை அடிக்கிறீர்கள் என்றால், எந்த மருந்து, எந்தத் தேதியில், என்ன அளவில் என்று எழுதிவைத்து, சேர்ந்து ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவது உங்களுக்குக் கட்டுப்படியாகும். மாதிரிக்கு ஒரே பாத்தியிலிருந்து எடுக்காமல் வயலின் பல இடங்களிலிருந்து பிடுங்கி, மண்ணைத் தட்டி, கழுவாமல், புதுப் பையில் போட்டு அன்றே கொடுங்கள். மருந்து டப்பாவின் சீட்டில் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் என்று அச்சிட்டிருக்கும். அந்த நாள் முடியாமல் கேரட்டைப் பிடுங்க வேண்டாம்.